நெற்றிக்கண் கேமரா

தாயில்பட்டியைச் சுற்றியிருக்கிற பட்டாசு ஆலைகளில் தினமும் காலையில் நடக்கிற காட்சி இது. வேன் வந்து நிற்கும். தூக்குவாளியும் கையுமாக ஆட்கள் இறங்குவார்கள். வாசலில் நிற்கிறவர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். தீப்பெட்டி இருந்தால் வெளியே. பீடி இருந்தால் வெளியே. செல்போனும் வெளியே. "யக்கா, போன வச்சிட்டுப் போங்க" என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. மருந்து இருக்கிற இடத்தில் பேட்டரி போட்ட சாமானுக்கு வேலை இல்லை என்பது வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலம் வேலை முடிகிற வரைக்கும் அந்த அறைகளில் யாரும் யாரையும் படம் பிடிப்பதில்லை.

இப்போது இன்னொரு வாசல். சென்னைப் பக்கமோ, பெங்களூரோ, ஏதாவது மலைவாசஸ்தல ரிசார்ட்டோ, எதுவாகவும் இருக்கட்டும். வலை கட்டிய ஒரு மைதானம். உள்ளே பழைய டயர்கள், தகர டிரம்கள், மரப்பலகைத் தடுப்புகள். காலேஜ் டூர் வந்த பையன்கள் பெயிண்ட்பால் ஆட வரிசையில் நிற்கிறார்கள். நடுவர் விதிகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருவன் மட்டும் அதைக் கேட்கவில்லை. அவன் நெற்றியில் ஒரு பட்டை, பட்டையில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கேமரா. "டேய், சிவப்பு லைட் எரியுதா பாரு" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருப்பவனும் இப்போது நடுவரைக் கவனிக்கவில்லை.

முதல் வாசலில் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். இரண்டாவது வாசலில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். எந்த வாசலில் விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். நெற்றியில் கட்டிய கேமரா விளையாட்டைப் பதிவு செய்வதாகச் சொல்வது பெரிய பொய். விளையாட்டில் சுடுகிற நேரத்தை மட்டும் அது பிடுங்கி எடுத்துக்கொள்கிறது. காத்திருப்பது, விதி கேட்பது, மாஸ்க்கைச் சரி பார்ப்பது, அடிபட்டால் கையைத் தூக்கிவிட்டு வெளியே வருவது எல்லாம் எடிட்டிங்கில் குப்பைக்குப் போய்விடுகின்றன. அந்தக் குப்பைதான் விளையாட்டு. இன்னும் சொல்லப்போனால், ஆளைக் கண்ணோடும் கையோடும் வீட்டுக்கு அனுப்பி வைப்பதும் அந்தக் குப்பைதான்.

சுடாமல் ஜெயித்த ஆள்

பெயிண்ட்பால் பிறந்த கதை நிறைய பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் காட்டு மரங்களுக்கும் மாடுகளுக்கும் தூரத்தில் நின்றே சாயக்குறி போடுவதற்காக நெல்சன் பெயிண்ட் கம்பெனி ஒரு துப்பாக்கியை விற்றுக்கொண்டிருந்தது. நெல்-ஸ்பாட் 007 என்று பெயர். காட்டில் பிழைக்கத் தெரிந்தவன் யார், நகரத்துக்காரனா கிராமத்துக்காரனா என்று நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். எழுத்தாளர் சார்லஸ் கெயின்ஸ், பங்குத் தரகர் ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்ஸி என்று மூன்று பேர். வாயால் பேசித் தீராது என்று ஒரு போட்டியே வைத்தார்கள். 1981 ஜூன் 27, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்கிற ஊர்க் காடு. 12 பேர், ஆளுக்கொரு நெல்-ஸ்பாட். காட்டுக்குள் வைத்திருக்கிற கொடிகளைச் சேகரித்துக்கொண்டு அடிபடாமல் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

ஜெயித்தவர் ரிச்சி ஒயிட். காட்டில் மரம் பார்த்து வேலை செய்கிறவர். அவர் அன்றைக்கு எத்தனை முறை சுட்டார் தெரியுமா? ஒரு முறைகூட இல்லை! ஒரு குண்டைக்கூடச் செலவு செய்யாமல், யார் கண்ணிலும் படாமல், கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் தலையில் ஒரு கேமரா கட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இலை, மரம், மறுபடியும் இலை. ஒரு ஆள் மெதுவாக நடக்கிறார், நிற்கிறார், காது கொடுத்துக் கேட்கிறார், மறுபடியும் நடக்கிறார். இன்றைக்கு அதை ரீல்ஸில் போட்டால் ஒருத்தரும் ஐந்து விநாடிக்கு மேல் பார்க்க மாட்டார். அதே காட்டில் கண்டபடி சுட்டுவிட்டு முதலில் அவுட்டான ஆளின் தலையில் கட்டியிருந்தால் அமர்க்களமான வீடியோ கிடைத்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். இந்த விளையாட்டின் முதல் சாம்பியனின் ஆட்டம் கேமராவுக்கு லாயக்கில்லாத ஆட்டம். நெற்றிக் கேமரா வந்தபிறகு ஆடுகிற பையன்கள் ரிச்சி ஒயிட் மாதிரி ஆடுவார்களா, முதலில் அவுட்டான ஆள் மாதிரி ஆடுவார்களா? ஜெயிப்பதற்காக ஆடுகிறவன் மறைவான இடத்தைத் தேடுவான். வீடியோவுக்காக ஆடுகிறவன் வெளிச்சமான இடத்தைத் தேடுவான். இரண்டும் வேறு வேறு ஆட்டம்.

கேமரா யாரைப் பார்க்கிறது?

இந்த வகைக் கேமரா பிறந்த கதையும் சுவாரஸ்யமானதுதான். கோப்ரோ கம்பெனியை ஆரம்பித்த நிக் உட்மேன், 2002-ல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் அலைச்சறுக்கு ஆடப் போனவர். ஆடுகிறவன் கைக்குள்ளேயே கேமரா இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியதில் வந்த யோசனை அது. 2004-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கேமரா மணிக்கட்டில் கட்டுகிறது, உள்ளே சாதாரண ஃபிலிம் ரோல். வீடியோ எல்லாம் பிறகு வந்தது. பக்கத்தில் சறுக்குகிற நண்பனை அழகாக ஒரு படம் எடுத்துக் கொடுக்கலாம். நல்ல ஆசைதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மணிக்கட்டில் இருந்த கேமரா நெற்றிக்கு ஏறியதும் சங்கதி மாறிவிட்டது. நெற்றியில் இருக்கிற கேமரா கட்டியிருக்கிறவனை ஒருபோதும் பார்ப்பதில்லை. அவன் முகத்தில் இருக்கிற பயம் தெரியாது. அவன் மாஸ்க் சரியாக இருக்கிறதா என்பது தெரியாது. அவன் எதைக் குறி பார்க்கிறானோ அதை மட்டும்தான் காட்டும். துப்பாக்கி முனைக்கு எது தெரியுமோ அதுவே கேமராவுக்கும் தெரியும். எதிரே ஓடுகிறவன் இவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்கிற நண்பன். வீடியோவில் அவன் ஒரு குறி. அவ்வளவுதான்.

பார்க்கிறவர்களுக்கு எது போய்ச் சேர்கிறது என்றும் கணக்குப் பாருங்கள். ஒரு பெயிண்ட்பால் குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் குறுக்களவு. மேலே மாத்திரைக் கூடு மாதிரி ஜெலட்டின் தோல், உள்ளே தண்ணீரில் கரைகிற சாயம். பொம்மை மாதிரிதான் இருக்கும். மைதானத்தில் அதன் வேகத்துக்கு உச்சவரம்பாக வழக்கமாக வைத்திருப்பது விநாடிக்கு 300 அடி. மணிக்கணக்கில் மாற்றினால் சுமார் 330 கிலோமீட்டர்! கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால்தான் இந்த விளையாட்டில் இத்தனை சடங்குகள்.

ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் கருவி வைத்து அளக்க வேண்டும். மைதானத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மாஸ்க்கைத் தூக்கக் கூடாது. வெளியே வந்ததும் குழல் வாயில் உறை மாட்ட வேண்டும். அடிபட்டவன் தானே கையைத் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும். சரணடைகிறேன் என்றவனைச் சுடக் கூடாது. இவ்வளவும் சேர்ந்துதான் துப்பாக்கிச் சண்டையை விளையாட்டாக்குகின்றன. விதியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் ஒருத்தன் முகத்தை நோக்கிப் போகிற ஒரு உருண்டை.

இப்போது முப்பது விநாடி வீடியோவைப் போட்டுப் பாருங்கள். வேகம் அளந்த காட்சி இருக்கிறதா? குழல் உறை இருக்கிறதா? கை தூக்கினவன் இருக்கிறானா? தடதடவென்று சுடுவதும், பின்னால் ஒரு மாஸ் பாட்டும்தான் இருக்கும்.

கேமராவே இந்தச் சடங்குகளைக் கெடுக்கிற சந்தர்ப்பமும் உண்டு. சாயம் தெறித்துக் கேமராவின் கண்ணாடி மூடிக்கொண்டால் கை தன்னால் மேலே போகும். பட்டை நழுவினால் மேலே போகும். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்ற சந்தேகம் வந்தாலும் போகும். மேலே போன கை மாஸ்க்கை அசைக்காமல் கீழே வருமா? மாஸ்க்கில் ஆவி படிந்தால் துடைக்கத் தூக்காதே என்று நடுவர் தொண்டை கிழியக் கத்துவதே அந்த ஒரு விநாடிக்காகத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

நெற்றியிலிருந்து நெடுஞ்சாலைக்கு

"ஏதோ நாலு பேர் காசு கொடுத்து ரிசார்ட்டில் ஆடுகிறார்கள், அதில் உனக்கு என்ன வலிக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயிண்ட்பால் ஆட ஒரு ஆளுக்கு ஆகிற காசு பட்டாசு வட்டாரத்தில் ஒரு குடும்பம் யோசித்துச் செலவு செய்கிற காசு. விளையாடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆனால் வீடியோ ஓசி. அது தாயில்பட்டிக்கும் வருகிறது, திருநெல்வேலிக்கும் வருகிறது, திருச்சிக்கும் வருகிறது. மைதானம் வராது. மாஸ்க் வராது. நடுவர் வரமாட்டார். சுடுகிற காட்சி மட்டும் வரும். பார்க்கிற பையனுக்குத் துப்பாக்கி எங்கே கிடைக்கும்? கிடைக்காது. கிடைப்பது பட்டாசு. தீபாவளி வந்தால் தெருவுக்குத் தெரு கிடைக்கும். ராக்கெட்டைப் பாட்டிலில் வைக்காமல் கையில் பிடித்து எதிர்த் தெருப் பையன்களை நோக்கி விடுவது, வண்ண உருண்டைகளைத் துப்புகிற குழாய் வெடியைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு ஓடுவது, அதை இன்னொருத்தன் பின்னாலேயே ஓடிப் படம் பிடிப்பது... பெயிண்ட்பால் வீடியோவுக்கும் இதற்கும் கோணம் ஒன்று, வெட்டு ஒன்று, பாட்டு ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாரும் வேகத்தை அளக்கவில்லை, யார் முகத்திலும் மாஸ்க் இல்லை. குழாயில் இருப்பது தண்ணீரில் கரைகிற சாயமும் இல்லை, எரிகிற மருந்து.

2023 தீபாவளி சமயத்தில் திருச்சிப் பக்கம் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பைக்கின் முன்பக்கத்தில் பட்டாசைக் கட்டி, பற்ற வைத்து, முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனார்கள். வானத்தில் வெடிக்க வேண்டியது ரோட்டில் வெடித்தது. வீடியோ இன்ஸ்டாகிராமில் பரவியதும் போலீஸ் கைது செய்தது. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் கேமரா இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் பைக்கில் பட்டாசைக் கட்டியிருப்பார்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அதே 2023 செப்டம்பரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் காஞ்சிபுரம் அருகே பாலுசெட்டிசத்திரத்தில் பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்து கை முறிந்ததும், கைதானதும், அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 வருஷத்துக்கு ரத்தானதும் தெரிந்த கதை. அவர் பைக் ஓட்டுகிற வீடியோக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பையன்கள். ஹெல்மெட் என்பது தலையைக் காப்பதற்கு என்பது போய், கேமரா மாட்டுவதற்கு ஒரு ஸ்டாண்டு என்று ஆகிவிட்ட தலைமுறை அது. கேரள மோட்டார் வாகனத் துறை 2022-ல் ஹெல்மெட்டில் கேமரா பொருத்தக் கூடாது என்று சொன்னபோது இங்கே சிரித்தவர்கள் நிறைய பேர். அடுத்த வருஷமே சிரிப்பு அடங்கியது.

தாயில்பட்டிக்குத் தெரிந்தது

இனி மறுபடியும் முதல் வாசலுக்கு வரலாம். உள்ளே என்ன நடக்கிறது?

சுவாரஸ்யமாக ஒன்றும் நடப்பதில்லை. அதுதான் விஷயமே!

ஒரு மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி இருக்க வேண்டும். வழியில் எதையும் அடைத்து வைக்கக் கூடாது. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். நுழைகிறபோது உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்குச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புச் சாமான் கூடாது. அலுமினியப் பொடி, வெடியுப்பு, கந்தகம் எல்லாம் தனித்தனியாக இருக்கிறவரைக்கும் சாது. கலந்த பிறகு உராய்வு ஒன்று போதும். அதனால் மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, போடக் கூடாது. இன்றைக்குக் கலந்ததை நாளைக்கு வைக்கக் கூடாது. அறை புழுக்கமாக இருக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது.

கூடாது, கூடாது, கூடாது. எட்டு மணி நேரமும் இதே. இதை யாராவது நெற்றியில் கேமரா கட்டிப் படம் எடுத்தால் பார்க்கிறவன் தூங்கிவிடுவான். ஆனால் இந்தத் தூக்கம் வருகிற வேலை ஒழுங்காக நடந்த நாளில்தான் எல்லோரும் வேனில் ஏறி வீட்டுக்கு வருகிறார்கள்.

ஒழுங்காக நடக்காத நாட்களும் இந்த வட்டாரத்துக்குத் தெரியும். 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளம் விபத்தில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் அனுமதியில்லாமல் பட்டாசு செய்தபோது வெடித்து உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணையில் வருகிற வார்த்தைகளைப் பாருங்கள்: அறைக்குள் கூடுதல் ஆள், கூடுதல் மருந்து, உள்குத்தகை, அவசரம். எங்கேயோ ஒரு இடத்தில் யாரோ அந்தச் சலிப்பான விதியை எடிட் செய்திருக்கிறார்கள். அங்கே எடிட் செய்ய வைத்தது ஆர்டரும் பணமும். அந்தத் தொழிலாளியை ரீல்ஸ் எடுக்கிற பையனோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் வயிற்றுக்காகப் பண்ணுகிறார், முதலாளி லாபத்துக்காகப் பண்ண வைக்கிறார். பையனுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. அவன் லைக்குக்காகப் பண்ணுகிறான். நெருக்கடி இல்லாமலே விதியைத் தூக்கி எறிகிறவனை என்ன சொல்வது?

வேடிக்கை பார்ப்பதன் விலையும் இந்த மண்ணுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர் செத்த விபத்து. முதல் சத்தம் கேட்டதும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஜனம் ஓடி வந்தது. உதவி செய்ய வந்தவர்கள் உண்டு, என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. பிறகு வெடித்ததில் அப்படி வந்தவர்கள் பலரும் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு ஓடி வந்தவர்களைக் குறை சொல்ல எவனுக்கும் வாய் வராது. சொந்தக்காரன் உள்ளே இருக்கிறான் என்று ஓடினார்கள். ஆனால் வெடி என்பது பக்கத்தில் போய்ப் பார்க்கிற பொருள் இல்லை என்பதை இந்த ஊர்கள் அவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கின்றன. அதே வெடியை "பக்கத்தில் போய் எடுடா, அப்பதான் கெத்தா இருக்கும்" என்று சொல்கிறவனுக்கு அந்தப் படிப்பு எப்போது ஏறும்?

பட்டாசு செய்கிறவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயந்து பயந்து செய்கிறார். வாங்குகிறவன் அதே பட்டாசைக் கையில் பிடித்துக்கொண்டு நண்பனைக் குறி பார்க்கிறான். இதைவிட அந்த உழைப்புக்குப் பெரிய அவமரியாதை இல்லை.

எதிர்த்தரப்பு வாதங்கள்

ஒன்று: "கேமரா ஒரு கருவி. கருவியைத் திட்டி என்ன பயன்?"

இதில் பாதி உண்மை. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29-ம் தேதி பிரான்ஸில் மெரிபெல் பனிமலையில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டபோது அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. 2014 அக்டோபரில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அந்தக் கேமராதான் காரணமோ என்கிற மாதிரிப் பேச, கோப்ரோவின் பங்கு விலையே சரிந்தது. பிறகு அந்தப் பத்திரிகையாளரே, சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றார். விசாரணை செய்தவர்களுக்கு அந்தக் கேமராவில் பதிவானது உதவியாகக்கூட இருந்தது. ஆகவே விழுந்தவன் தலையில் கேமரா இருந்தால் அதுவே குற்றவாளி என்று குதிப்பது அநியாயம். இங்கே கேமராவின் மேல் வைக்கிற குற்றச்சாட்டு வேறு. அது மண்டையை உடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எதைச் செய்தால் பார்ப்பார்கள் என்று ஆடுகிறவன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறது. கத்தியும் கருவிதான், ஆனால் கத்தி யாரையும் "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போ" என்று உசுப்பேற்றுவதில்லை.

இரண்டு: "கேமரா இருந்தால் கள்ள ஆட்டம் ஆட முடியாது. அடிபட்ட சாயத்தைத் துடைத்துவிட்டு ஆடுகிறவனை மாட்டிவிடலாம்."

நல்ல வாதம். பெயிண்ட்பாலில் சாயத்தைத் துடைப்பதுதான் மகா பாவம், அதைப் பிடிக்க ஒரு கண் வேண்டும்தான். ஆனால் அந்தக் கண்ணை ஆடுகிறவன் நெற்றியில் ஏன் வைக்க வேண்டும்? தன் நெற்றிக் கேமராவில் தன் கள்ளத்தனத்தை எவனாவது பதிவு செய்வானா? செய்தாலும் வெளியிடுவானா? நடுவர் மேல் மாட்டுங்கள். 2025-ல் அமெரிக்காவில் நடந்த ஃபிஃபா கிளப் உலகக் கோப்பையில் நடுவர்கள் உடம்பில் கேமராவோடுதான் ஆட்டத்தை நடத்தினார்கள். நடுவரின் கேமரா இரண்டு பக்கத்தையும் பார்க்கும். சுடுகிறவனும் தெரிவான், சுடப்படுகிறவனும் தெரிவான்.

மூன்று: "நண்பர்களோடு போன ஞாபகத்துக்கு ஒரு வீடியோ எடுப்பது தப்பா?"

தப்பே இல்லை. ஆனால் நண்பர்களின் ஞாபகம் வேண்டுமென்றால் நண்பர்களின் முகம் வேண்டாமா? நெற்றிக் கேமரா வீடியோவில் தடுப்புச் சுவரும், ஓடுகிற முதுகும்தான் இருக்கின்றன. ஆட்டம் முடிந்து எல்லோரும் சாயம் அப்பிய சட்டையோடு உட்கார்ந்து, "என்னைச் சுட்டது நீதானாடா துரோகி" என்று சிரிக்கிற ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதை எடுங்கள். இருபது வருஷம் கழித்துப் பார்க்க அதுதான் மிஞ்சும்.

நான்கு: "அப்போ தடை பண்ணச் சொல்கிறாயா?"

இல்லை. தடை போட்டால் ஒளித்து மாட்டுவார்கள். கேட்பது கொஞ்சம்தான். மைதானம் நடத்துகிறவர்கள் விதி சொல்லி முடிக்கிறவரைக்கும் எந்தக் கேமராவும் ஓடக் கூடாது என்று சொல்லட்டும், முதல் ஆட்டத்தைக் கேமரா இல்லாமல் ஆட வைக்கட்டும். மாஸ்க்கில் எதையும் கட்டக் கூடாது, வேண்டுமானால் மார்புப் பட்டையில் கட்டிக்கொள்ளட்டும். அப்போது கை கண் பக்கமே போகாது. வீடியோ போடுகிறவர்கள் மாஸ்க்கைச் சரி பார்க்கிற ஐந்து விநாடியையும், அடிபட்டவன் கை தூக்குகிற காட்சியையும் வெட்டாமல் போடட்டும். ஐந்து விநாடி! அதைக்கூடத் தாங்காத ரசிகனுக்காக யாரும் வீடியோ எடுக்க வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பட்டாசை மனிதன் மேல் குறி வைக்கிற வீடியோ வந்தால், சிரித்துவிட்டு நண்பனுக்கு அனுப்பாமல் இருப்பது பார்க்கிறவர்கள் வேலை. லைக் விழாத வித்தையை எவனும் இரண்டாம் முறை செய்ய மாட்டான்.

கடைசியாக...

வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில், 2022-லிருந்து தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் வந்தன. தாயில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அந்தக் காலத்தில் இங்கே உட்கார்ந்து ஆடியவர்கள் யார், யார் ஜெயித்தார்கள், யார் அழுகுணி ஆட்டம் ஆடினார்கள், ஒன்றும் தெரியாது. பார்க்க யாரும் இல்லாமலேயே ஆடினார்கள். ஆட்டத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

அதே மண்ணில் இன்றைக்குச் சாயங்காலமும் ஆலை வாசலில் வேன் நிற்கும். காலையில் கொடுத்த செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கையைக் கழுவியும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்ணில் மினுமினுக்க, ஆட்கள் ஏறுவார்கள். நாள் பூராவும் அவர்கள் செய்த வேலையை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஒன்றும் நடக்காத படம்தான். ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காகத்தான் வீட்டில் விளக்கேற்றிக் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்து அனுப்புகிற பொருளைக் கையில் எடுக்கிறவனும் சரி, சாயக்குண்டுத் துப்பாக்கியை எடுக்கிறவனும் சரி, அந்த வாசலில் ஒரு நாள் போய் நின்று பார்க்கட்டும். பிறகு நெற்றியில் கட்டலாமா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும்.